பல்கேரியக் கத்தோலிக்கர்: ஒரு விழுக்காட்டை எட்டாத கணக்கு

1887 கணக்கெடுப்பில் பல்கேரியாவின் மக்கள்தொகை 31,54,375. அதில் கத்தோலிக்கர் 18,505 பேர், அதாவது 0.59%. 1934இல் அவர்கள் 45,704 பேர், 0.75%. இந்த 47 ஆண்டுகளில் நாட்டின் மக்கள்தொகை 1.93 மடங்கானது; கத்தோலிக்கர் தொகையோ 2.47 மடங்கு. பிறப்பு மட்டும் இதற்குக் காரணமல்ல. 1688இல் ஒட்டோமான் ஆட்சிக்கு எதிராகக் கத்தோலிக்கர் நடத்திய சிப்ரோவ்ட்சி எழுச்சி நசுக்கப்பட்டபின் தப்பியோடியவர்களின் வழிவந்தோர், 1738 முதல் இன்றைய ருமேனியாவின் பனாத் பகுதியில் குடியிருந்தனர். 1878இல் நாடு விடுதலை பெற்றதும் அவர்களில் ஒரு பகுதியினர் திரும்பி வந்தார்கள். 1913 பால்கன் போருக்குப் பின் திரேசிலிருந்து கிழக்கு வழிபாட்டுமுறைக் கத்தோலிக்க அகதிகளும் வந்தனர்.

கம்யூனிஸ்ட் ஆட்சியில், 1952 நவம்பர் 11 இரவு, சோபியா சிறையில் கத்தோலிக்கர் 4 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். 1934இன் தொகையில் இது 0.009%. விழுக்காடு இங்கே எதையும் சொல்லாது: கொல்லப்பட்டவர்களில் ஒருவர் நிக்கோப்போல் ஆயர் எவ்கெனி பொசில்கோவ், மற்ற மூவரும் துறவற குருக்கள்.

1992இல் கத்தோலிக்கர் 53,074 பேர். 1934ஐவிட 16% கூடுதல். ஆனால் அதே 58 ஆண்டுகளில் நாட்டின் மக்கள்தொகை 39.6% பெருகி 84,87,317 ஆனது. அந்த வேகத்தில் வளர்ந்திருந்தால் கத்தோலிக்கர் ஏறக்குறைய 63,800 பேர் இருந்திருக்க வேண்டும். பற்றாக்குறை சுமார் 10,700. இதில் அடக்குமுறைக்கு எவ்வளவு, மதமின்மைக்கு எவ்வளவு என்று பிரிக்க இந்த எண்கள் போதா.

2001இல் தொகை 43,811ஆகச் சரிந்தது; 2011இல் 48,945ஆக ஏறியது. நாட்டின் மக்கள்தொகை 7.1% குறைந்த அதே பத்தாண்டில் 11.7% ஏற்றம்! ஆனால் 2011இல் மதம் குறித்த கேள்விக்கு விடை அளிப்பது அவரவர் விருப்பம். 57,58,301 பேரே, அதாவது 78.2% மக்களே, விடை தந்தனர். அவர்களுள் கத்தோலிக்கர் 0.85%, முழு மக்கள்தொகையில் 0.66%. எந்த விழுக்காட்டைக் காட்டினாலும் எதனால் வகுத்தோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2021இல் எஞ்சியவர்கள் 38,709 பேர், முழு மக்கள்தொகையில் 0.59%. 134 ஆண்டுகளுக்கு முன்பிருந்த அதே விழுக்காடு. 1992ஐ ஒப்பிட்டால் இழப்பு 14,365, அதாவது 27.1%. ஆனால் நாடே அதற்குள் 23.2% சுருங்கி 65,19,789 ஆகிவிட்டது. அந்த அளவுக்கு மட்டும் குறைந்திருந்தால் இழப்பு 12,304ஆக இருந்திருக்கும். ஆக, இழப்பில் 86% நாட்டின் பொதுச் சரிவோடு ஒத்துப்போகிறது. இச்சமூகத்துக்கே உரியது எனக் கருதத்தக்கது 2,061 பேர்தான்.

சீர்திருத்தக் கிறிஸ்தவரின் கணக்கு வேறு. 2001இல் அவர்கள் 42,308 பேர், கத்தோலிக்கரைவிட 1,503 குறைவு. 2021இல் 69,852 பேர், 31,143 கூடுதல். அதே நாடு, அதே இருபது ஆண்டுகள்: அங்கே 65% ஏற்றம், இங்கே 11.6% இறக்கம்.