திருவனந்தபுரத்தில் ஒரு நாள் வனவிலங்குச் சுற்றுலா

தில்லி, மும்பை, நாகபுரி முதலிய நகரங்களில் உத்தியோகம் பார்க்கும் தமிழன்பர்கள் பலர், விடுமுறையில் நாகர்கோவிலுக்கோ திருநெல்வேலிக்கோ செல்லும் வழியில் திருவனந்தபுரத்தில் இறங்குவதுண்டு. பத்மநாப சுவாமியைத் தரிசித்துவிட்டு அன்றே புறப்பட்டு விடுவோரே அவர்களுள் மிகுதி. ஒரு நாள் தங்கி, பஸ்ஸில் சுற்றிப் பார்ப்பார்களாயின், கூண்டில் வாழும் விலங்கு, மனிதனின் பராமரிப்பில் வாழும் விலங்கு, காட்டில் தன்னிச்சையாக வாழும் விலங்கு என்னும் மூன்று நிலைகளையும் குழந்தைகளுக்குக் காட்டலாம்.

இதற்குத் தனியார் பஸ்கள் உள்ளன. கேரள அரசுப் போக்குவரத்துக் கழகமும் 2021 முதல் குறைந்த கட்டணத்தில் சுற்றுலாக்களை நடத்தி வருகிறது. எவ்விடத்தில் எவ்வளவு நேரம் பஸ் நிற்கும் என்பதை முன்னரே கேட்டறிதல் நன்று. திங்கட்கிழமை மிருகக்காட்சிசாலைக்கு விடுமுறையாதலின், அந்நாளைத் தவிர்க்க வேண்டும்.

நகரின் நடுவே மரநிழல் சூழ அமைந்துள்ள மிருகக்காட்சிசாலை, 1859ஆம் ஆண்டில் உத்திரம் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில் தோன்றியது. அதனை அடுத்துள்ள பொருட்காட்சிசாலைக் கட்டடம் 1880இல் நிறைவெய்தியது. சென்னை கவர்னராயிருந்த நேப்பியர் பிரபுவின் பெயரைத் தாங்கியது. ஸ்ரீசித்ரா ஓவியக்கூடமும் அவ்வளாகத்திலேயே உள்ளது. மிருகக்காட்சிசாலையில் கூட்டமெல்லாம் புலியின் முன்னர்தான் நிற்கும். நேயர்கள் சிங்கவால் குரங்கின் முன்னரும் சிறிது நிற்பார்களாக. மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளையன்றி உலகில் வேறெங்கும் அதற்குப் பிறப்பிடம் இல்லை.

நகரை விட்டுக் காட்டாக்கடை வழியாகக் கிழக்கே சென்றால், கோட்டூரை அடுத்த காப்புக்காட்டில் யானைகள் மறுவாழ்வு மையம் உள்ளது. தாயைப் பிரிந்த குட்டிகளும், காயமுற்றவையும், முதுமை அடைந்தவையும் இங்கு பேணப்படுகின்றன. அவற்றை நீராட்டுவதும், அவற்றிற்கு உணவூட்டுவதும் குழந்தைகளுக்குப் பெருங்களிப்பைத் தரும் காட்சிகள். பாகர் அனுமதியின்றி நாமாக எதையும் தின்னக் கொடுத்தல் கூடாது.

அடுத்து நெய்யாறு அணை. நகரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். 1958இல் இப்பகுதி வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 128 சதுர கிலோமீட்டர். நீர்த்தேக்கத்தில் முதலைகள் உண்டாதலால் நீரில் இறங்குதல் ஆகாது. இங்குள்ள மரக்குன்றம் தீவில், 1980களில் சிங்கப் பூங்கா ஒன்று அமைக்கப்பட்டது. வண்டியில் அமர்ந்தவாறே சிங்கங்களைக் காண மக்கள் திரண்டனர். ஆனால் அச்சிங்கங்கள் இக்காட்டுக்கு உரியவை அல்ல. இனம் பெருகாதிருக்கவும் ஏற்பாடு செய்யப்பட்டமையால், அவை ஒவ்வொன்றாக மறைந்தன. 2021இல் எஞ்சிய பெண்சிங்கமும் இறந்தது. வெளியூரிலிருந்து கொணர்ந்த காட்சி ஒரு தலைமுறைக்குள் முடிவுற்றது.

முடிவுறாதிருப்பது அணைக்குப் பின்னே எழும் காடு. அங்கே யானையும் காட்டெருமையும் மிளாவும் திரிகின்றன. பஸ் பிரயாணிகளின் கண்ணில் அவை படுவது அரிது. அதற்காக மனம் வருந்த வேண்டுவதில்லை. அம்மலைத் தொடரில்தான் 1868 மீட்டர் உயர்ந்த அகத்தியர் கூடம் நிற்கிறது. தமிழ் முனிவர் உறைவதாக நம் முன்னோர் போற்றிய பொதிகை இதுவே. இதன் மேற்குச் சரிவில் நெய்யாறு பிறக்கிறது. கிழக்குச் சரிவில் பொருநை என்னும் தாமிரபரணி பிறந்து, திருநெல்வேலிச் சீமையை வாழ்விக்கிறது. மழை நீரைத் தேக்கி இரு பக்கத்துக்கும் வழங்குவது இந்தக் காடுதான். 2016இல் யுனெஸ்கோ தன் உயிர்க்கோளக் காப்பகங்களின் பட்டியலில் அகத்தியமலையைச் சேர்த்தது.

நெய்யாற்றின் இடதுகரைக் கால்வாய், கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு வட்டத்திற்கும் நீர் கொண்டு சென்றது. 2004இல் அந்நீர் நின்றது. 2012இல் தமிழகம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. நீரைப் பங்கிடுவதில் இரு மாநிலங்களுக்கும் வழக்கு எழலாம். நீரைத் தரும் காட்டைக் காப்பதில் வழக்குக்கு இடமில்லை.

மாலையில் பஸ் கோவளத்துக்கோ சங்குமுகத்துக்கோ வந்து நிற்கும். கடற்கரையில் பிள்ளைகள் விளையாடி முடித்ததும், காலையில் கண்ட குரங்கு எந்த மலைக்கு உரியது என்றும், தாத்தா ஊர் வயலுக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்றும் பெற்றோர் அவர்களிடம் கேட்கலாம். இரண்டுக்கும் விடை ஒன்றே என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.