செம்முக மன்னனும் பாம்புப் பிடாரனும்

பழங்காட்டுப் பாதைகள் – 6

1100-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் தேதி நியூ ஃபாரஸ்ட்டுக்குள் வேட்டைக்குப் போன இங்கிலாந்து மன்னர் இரண்டாம் வில்லியம், ஒரு கட்டை வண்டியில் பிணமாக வெளியே வந்தார். மானுக்கு விட்ட அம்பு மன்னர் மார்பில் பாய்ந்துவிட்டது என்றார்கள். அம்பை விட்டவர் வால்டர் டிரெல் என்ற பிரெஞ்சு தேசத்துப் பிரபு என்று எல்லோரும் அவரை நோக்கி விரல் நீட்டினார்கள். முகம் சிவந்தே இருக்கும் என்பதால் அந்த மன்னருக்கு ‘ரூஃபஸ்’ என்று பட்டப்பெயர். நம் வசதிக்குச் செம்முகன் என்று வைத்துக்கொள்வோம். அவருக்காக அழுதவர்கள் குறைவு. வரி, சர்ச் சொத்துகளை வளைத்துப்போட்டது என்று புகார்ப் பட்டியல் நீளம்.

சென்ற வாரம் நைட்வுட் ஓக் மரத்தடியில் நிறுத்தினேன். அங்கிருந்து வடக்கே போனால் கேன்டர்டன். பெருஞ்சாலையின் லாரி இரைச்சல் கேட்கிற தூரத்தில், புல்வெளி நடுவே மூன்று பட்டையாக, ஆள் உயரத்துக்கும் கொஞ்சம் குறைவாகக் கறுப்பாக ஒன்று நிற்கிறது. இதுதான் ரூஃபஸ் கல். மன்னரைக் கொன்ற அம்பு உரசித் திரும்பிய ஓக் மரம் நின்ற இடம் இது என்று சொல்லி, 1745-இல் டெலவேர் பிரபு இந்தக் கல்லை நட்டார். வந்தவர்கள் எல்லாம் ஞாபகார்த்தமாக ஆளுக்கொரு சில்லு பெயர்த்துக்கொண்டு போக, எழுத்தே தேய்ந்துபோயிற்று. 1841-இல் அதன்மேல் இரும்புக் கவசம் போட்டு, பழைய வாசகத்தை அதில் வார்த்துவிட்டார்கள். இன்று நாம் தொட்டுப் பார்ப்பது இரும்பை. கல் உள்ளே இருக்கிறது.

வாசகத்தில் துளிச் சந்தேகம் கிடையாது. மரம் இங்கேதான் நின்றது, அம்பு மரத்தில் பட்டுத் தெறித்தது, மன்னர் அந்தக் கணமே மாண்டார், பர்கிஸ் என்பவர் வண்டியில் ஏற்றி வின்செஸ்டருக்குக் கொண்டுபோனார் என்று அடித்துச் சொல்கிறது. சம்பவம் நடந்து 645 ஆண்டுகள் கழித்து நட்ட கல்லுக்கு இவ்வளவு நிச்சயம் எங்கிருந்து வந்தது? அந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட ஆங்கிலோ-சாக்சன் நாளாகமம் இந்த மரணத்தை ஒற்றை வாக்கியத்தில் முடித்துவிடுகிறது: வேட்டையில் சொந்த ஆள் ஒருவனின் அம்பு பட்டு இறந்தார், அவ்வளவுதான். சில பத்தாண்டுகள் கழித்து எழுதிய மாம்ஸ்பரி துறவி வில்லியம், நாட்டுப்புறத்து ஆட்கள் சிலர் உடலை வண்டியில் ஏற்றிப் போனதாகவும் வழியெல்லாம் ரத்தம் சொட்டியதாகவும் சேர்க்கிறார். பர்கிஸ் என்ற பெயரும், அவர் கரிமூட்டம் போடுகிறவர் என்பதும் பல நூற்றாண்டு கழித்து வந்து ஒட்டிக்கொண்டவை. 16-ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராகச் சுற்றிய ஜான் லேலண்ட் கேட்டு எழுதிய இடத்தின் பெயரோ வேறு. அது இங்கிருந்து வெகு தூரம் தெற்கே, பியூலிப் பக்கம் என்கிறார்கள் சில ஆய்வாளர்கள்.

கொலையா, விபத்தா? கொலைக் கட்சிக்குத் தோதாக ஒரு விஷயம் உண்டு. வேட்டைக்கு வந்திருந்த தம்பி ஹென்றி, அண்ணன் உடலோடு நிற்கவில்லை. குதிரையைத் தட்டிவிட்டு வின்செஸ்டர் கஜானாவைக் கைப்பற்றினார். ஆகஸ்ட் 5-ஆம் தேதி வெஸ்ட்மின்ஸ்டரில் முடி சூட்டிக்கொண்டார். மூத்த அண்ணன் ராபர்ட் சிலுவைப்போரிலிருந்து ஊர் வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. டிரெல் பிரான்சுக்கு ஓடினார். நான் அந்தப் பக்கமே இல்லை என்று அவர் சத்தியம் செய்ததைத் தம் காதால் கேட்டதாக மடாதிபதி சூஜர் எழுதிவைத்திருக்கிறார். துப்பறியும் கதைக்கு இது போதும். எனக்கென்னவோ விபத்து என்றே படுகிறது. அதே 1100-ஆம் ஆண்டு மே மாதம், அதே காட்டில், மன்னரின் அண்ணன் மகனும் வேட்டையில்தான் செத்தான். அதற்கும் முன்னால் உடன்பிறந்த அண்ணன் ரிச்சர்ட் போனதும் இந்தக் காட்டில்தான். ஆளாளுக்கு வில்லைத் தூக்கிக்கொண்டு அடர்ந்த காட்டுக்குள் போனால் இப்படித்தான் நடக்கும். தம்பி ஹென்றி காரியவாதி. வாய்ப்பு வந்தது, விடவில்லை.

குடியானவர்களுக்கு இந்தத் தர்க்கம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒரே குடும்பத்தில் மூன்று சாவு என்றால் அது சாபம்தான். 1079 வாக்கில் தந்தை முதலாம் வில்லியம் இந்த நிலத்தைத் தன் வேட்டைக்காடாக வளைத்தபோது ஊர்களை, தேவாலயங்களை இடித்து மக்களை விரட்டினார் என்று நாளாகமக்காரர்கள் எழுதினார்கள். இதில் மிகை அதிகம். வெறும் மணலும் சரளையுமான இந்தப் புளிப்பு மண் அத்தனை ஊர்களுக்குச் சோறு போட்டிருக்காது. ஆனால் கோபம் மிகையில்லை. மானைக் கொன்றவனின் கண்ணைப் பிடுங்கு என்பது வில்லியம் போட்ட சட்டம். மானுக்காக உயிரோ உறுப்போ எடுக்கக் கூடாது என்று எழுத்தில் வர 1217-ஆம் ஆண்டின் வனப் பட்டயம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. செம்முகனைப் புதைத்த வின்செஸ்டர் பேராலயக் கோபுரம் 1107-இல் இடிந்து விழுந்தபோது, பாவியைக் கீழே வைத்தால் கோபுரம் நிற்குமா என்று ஊர் பேசியது. பாவம், அஸ்திவாரம் சரியில்லை என்பதை யார் கேட்பார்கள்!

மானுக்காகப் போட்ட அந்தச் சட்டத்தின் சாயலைக் கண்ணால் பார்க்க லின்ட்ஹர்ஸ்ட் போக வேண்டும். அங்கே குயின்ஸ் ஹவுஸ் கட்டடத்தில் உள்ள பழைய நீதிமன்றக் கூடத்தில் ஒரு பெரிய இரும்புச் சேணமிதி இருக்கிறது. காட்டில் குடியிருந்தவர்கள் நாய் வளர்த்தால், நாய் இந்த வளையத்துக்குள் நுழைந்து வெளியே வர வேண்டும். வந்தால் பிழைத்தது. வராத பெரிய நாய்க்கு முன்னங்காலின் நகங்களை வெட்டிவிடுவார்கள். நொண்டுகிற நாய் மன்னரின் மானைத் துரத்தாது அல்லவா? இதற்கும் ரூஃபஸின் சேணமிதி என்றே பெயர். செய்யப்பட்ட காலமோ டியூடர் ஆட்சி. செம்முகன் செத்து 400 ஆண்டுகளாவது ஆகியிருக்கும். இந்தக் காட்டில் எது பழசாகத் தெரிந்தாலும் அதைத் தூக்கி அவர் தலையில் வைத்துவிடுகிறார்கள்.

அந்தக் கூடத்தில் இன்றும் மன்றம் கூடுகிறது என்பதுதான் எனக்குச் சேணமிதியைவிடப் பெரிய ஆச்சரியம். வெர்டரர்கள் என்று பெயர் பெற்ற பத்துப் பேர் மேடையில் அமர்கிறார்கள். ஐந்து பேர் காட்டில் மேய்ச்சல் உரிமை உள்ளவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள். அஜிஸ்டர் என்கிற மேய்ச்சல் கண்காணி எழுந்து வலக்கையை உயர்த்தி, சொல்ல ஏதாவது உள்ளவர்கள் முன்னே வரலாம் என்று உரக்கக் கூவுகிறார். யார் வேண்டுமானாலும் போய்ச் சொல்லலாம். மன்னர் மானுக்காக வந்த மன்றம், இன்று குடியானவர்களின் மட்டக்குதிரைக்காக நடக்கிறது. இதுவும் சும்மா கிடைக்கவில்லை. 1851-இல் மான்களை அகற்றுகிறேன் என்று ஒரு சட்டம் கொண்டுவந்து, அதைச் சாக்காக வைத்து 10,000 ஏக்கரை வேலியடைத்து மரம் வளர்க்கப் பார்த்தது அரசு. மேய்ச்சல்காரர்கள் விடாமல் சண்டை போட்டு, 1877-இல் வேறொரு சட்டம் வாங்கினார்கள். பழைய தோப்புகள் தப்பியது அதனால்தான்.

காட்டில் திரியும் குதிரைகளைக் காட்டுக்குதிரை என்று நினைத்தால் ஏமாந்தோம். ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர், சூட்டுக்குறி, ஆண்டுக் கட்டணம் உண்டு. பணம் கட்டியாகிவிட்டது என்பதற்கு அடையாளமாகக் கண்காணி வால் மயிரைப் படிப்படியாகக் கத்தரித்துவிடுகிறார். கத்தரித்த விதத்தைப் பார்த்தே எந்தக் கண்காணியின் எல்லைக் குதிரை என்று சொல்லிவிடலாம். இலையுதிர்காலத்தில் பன்றிகளையும் அவிழ்த்துவிடுவார்கள். ஓக் கொட்டை குதிரைக்கும் மாட்டுக்கும் விஷம், பன்றிக்கு விருந்து. நான் போனது அக்டோபரில். மின்ஸ்டெட் சாலையோரம் குட்டிகளோடு வந்த ஒரு பெட்டைப் பன்றியின் மூக்கில் வளையம். மண்ணைக் கிளறாதிருக்க அந்த ஏற்பாடு. கொட்டையை வாயில் போட்டு நொறுக்கியது, பருப்பை விழுங்கிவிட்டுத் தோலை வாயோரமாக ஒதுக்கித் துப்பியது, அடுத்ததற்குப் போனது. பின்னால் நின்ற மூன்று கார்களில் ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. அந்த மின்ஸ்டெட் தேவாலயத் தோட்டத்து மரத்தடியில்தான் ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில் இருக்கிறார். அவரைத் தேடி வருகிறவர்கள் நிறைய என்பதால் நான் அதிக நேரம் நிற்கவில்லை.

என் வேலை பிராக்கன்ஹர்ஸ்டில் இருந்தது. ஊருக்குச் சற்று வெளியே, மேட்டில் செயின்ட் நிக்கலஸ் தேவாலயம். வாசலில் 1,000 வயதைத் தாண்டிய யூ மரம், வயிறு உளுத்துப் பொந்தாகி நிற்கிறது. கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்லின் மேல்பகுதியில் சிற்பம்: குடிசை முன்னால் தாடிக்காரர் ஒருவர், கையில் பாம்புகள். ஹாரி மில்ஸ். ஊர் வைத்த பெயர் பிரஷர் மில்ஸ். பக்கத்துக் கிரிக்கெட் மைதானத்தில் ஆடுகளத்தைப் பெருக்கிக் கொடுப்பாராம், அதனால்.

1840-இல் பிறந்த இவர் நடுவயதில் வீட்டை விட்டுக் காட்டுக்குள் வந்து, கரிமூட்டக்காரர்கள் கைவிட்டுப்போன மண்குடிசை ஒன்றில் குடியேறினார். கவைக்கோல், தோளில் சாக்கு. விரியனையும் புல்பாம்பையும் கையாலேயே பிடித்தார். பிடித்தவற்றில் ஒரு பகுதி லண்டன் உயிரியல் பூங்காவுக்கு, பாம்பு தின்னும் பாம்புகளுக்கு இரையாகப் போனது. கொழுப்பைக் காய்ச்சிச் சுளுக்குக்கு மருந்தாகவும் விற்றார். வாழ்நாளில் 30,000-க்கு மேல் பிடித்தார் என்பது மதுக்கடைக் கணக்கு. நம்புவது உங்கள் இஷ்டம். பல்லாண்டு குடியிருந்தால் நிலத்தில் பாத்தியதை வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை இருந்ததாம். அந்தக் கெடு நெருங்கியபோது யாரோ குடிசையைப் பிரித்து நாசம் செய்துவிட்டார்கள். 1905-இல், தான் வழக்கமாகக் குடிக்கப் போகும் விடுதியின் கொட்டகையில் இறந்துகிடந்தார். ஊர்க்காரர்கள் காசு போட்டு இந்தக் கல்லை வைத்தார்கள். அந்த விடுதிக்குப் பிற்பாடு ‘ஸ்னேக்கேச்சர்’ என்று பெயர் மாற்றினார்கள். உயிரோடு இருந்தபோது கிடைக்காத பாத்தியதை என்று சொல்லலாம்.

அதே தோட்டத்தின் சரிவில் ராணுவக் கல்லறைகள். நியூசிலாந்துப் படையின் மருத்துவமனை இங்கே இருந்ததால் அவர்கள் மட்டும் 93 பேர். அவர்களுக்கும் முன்னால், 1914-இன் கடைசியில் இங்கே கொண்டுவந்து சேர்க்கப்பட்டவர்கள் பிரான்சுப் போர்முனையில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்கள். ஊரின் இரண்டு பெரிய ஹோட்டல்களே மருத்துவமனையாயின. பிறகு தகரக் கொட்டகைகள் எழுந்தன. வைஸ்ராயின் மனைவி பெயரால் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவமனை என்றார்கள்.

இந்தியக் கல்லறைகளில் ஒன்று சுக்கா என்பவருடையது. ஐக்கிய மாகாணத்துப் பரேலி நகரத்தைச் சேர்ந்தவர், ராணுவ மருத்துவப் பிரிவில் துப்புரவுத் தொழிலாளி. 1915 ஜனவரி 12-ஆம் தேதி, 30 வயதில் இறந்தார். அங்கே சொல்லப்படும் கதை இது: தாழ்த்தப்பட்ட சாதி என்று அவரை எரிக்க இந்துக்கள் மறுத்தார்கள். முஸ்லிம் அல்ல என்று வோக்கிங் மசூதியில் மறுத்தார்கள். கடைசியில் பிராக்கன்ஹர்ஸ்ட் பாதிரியார், இங்கிலாந்துக்காக இறந்தவரை என் தேவாலயத்தில் புதைப்பேன் என்று முன்வந்தார். அதே ஆண்டுகளில் பிரைட்டன் அரண்மனை மருத்துவமனையில் சாதிக்கும் மதத்துக்கும் ஏற்ப ஒன்பது சமையற்கூடங்கள் நடந்தன என்பது நினைவிருந்தால், இந்தக் கதையை நம்புவதில் சிரமமில்லை. கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று நம் சாஸ்திரிகள் பயமுறுத்திய காலம். சாதியோ கப்பலேறி ஹாம்ப்ஷயர் வரை பத்திரமாக வந்து சேர்ந்திருந்தது.

கல்லை வைத்தவர்கள் பிராக்கன்ஹர்ஸ்ட் மக்கள், ராணுவம் அல்ல. வாசகம் நீளமானது. பெயர், ஊர், நகரம், வயது, தேதி எல்லாம் இருக்கிறது. இவர் கிறிஸ்தவர் இல்லை என்பதையும் மறைக்காமல் எழுதி, எல்லோருக்கும் தந்தை ஒருவரே என்ற பொருளில் ஒரு விவிலிய வரியைச் சேர்த்திருக்கிறார்கள். செம்முக மன்னரின் எலும்புகள் வின்செஸ்டரில் வேறு பல அரசர்களுடையதோடு பெட்டிகளில் கலந்துபோய்விட்டன. அவர் விழுந்த இடமும் ஊகம்தான். சுக்காவின் கல் சொல்வதில் ஊகத்துக்கு எதுவும் இல்லை. கல்லுக்கு நேர் கீழே அவர் இருக்கிறார். ரூஃபஸ் கல்லுக்குச் சாலையில் வழிகாட்டிப் பலகை வைத்திருக்கிறார்கள். இங்கே நீங்களே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஊருக்குள் மீரட் ரோடு என்று ஒரு தெரு உண்டு. இந்தியப் படையின் மீரட் டிவிஷன் சிப்பாய்களின் நினைவாக வந்த பெயர். அங்கிருந்து தென்கிழக்கே பியூலி ஆற்றங்கரையில் பக்லர்ஸ் ஹார்ட். இந்தக் காட்டு ஓக் மரங்களை வெட்டி, நெல்சனின் ‘அகமெம்னான்’ போர்க்கப்பலை 1781-இல் தண்ணீரில் இறக்கிய ஊர். அடுத்த வாரம் அங்கே போகலாம்.

(தொடரும்)