மொத்த மதிப்பெண்ணும் தனிப் பாடமும்

பரீட்சை முடிவு வெளியானதும் ஜீவனஹள்ளித் தமிழ்க் குடும்பங்களில் எழும் முதல் வினா, "மொத்தம் எத்தனை?" என்பதே. "எந்தப் பாடத்தில் எத்தனை?" என்று கேட்போர் சிலரே. ஆயினும் கல்லூரி வாயிலில் பயன்படுவது இவ்விரண்டாம் வினாவே.

கணித மேதை இராமானுஜனின் வரலாறு நாம் அறிந்ததே. 1904-ஆம் ஆண்டில் அவர் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவிச் சம்பளத்துடன் சேர்ந்தார். கணிதத்திலேயே மனம் தோய்ந்தமையால் ஆங்கிலத்தில் தவறினார். உதவிச் சம்பளம் பறிபோயிற்று. 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் எப்.ஏ. தேர்வில் வெற்றி கிட்டவில்லை. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவானார். மறு ஆண்டே சென்னைப் பல்கலைக் கழகம், பட்டம் பெறாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித் தொகை அளித்தது. 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்றார். 1918-இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அவர் வாழ்ந்ததோ 32 ஆண்டுகளே. அவற்றுள் பல ஆண்டுகள் தமக்கு ஏற்ற வாயிலைத் தேடுவதிலேயே கழிந்தன.

இன்று வாயில்கள் பல. ஒவ்வொன்றும் மதிப்பெண்ணை ஒவ்வொரு விதமாக எண்ணுகிறது. ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு மாணவி கணிதத்தில் 95, இயற்பியலில் 70, வேதியியலில் 60 பெறுகிறாள். அவள் தோழி முறையே 60, 95, 70 பெறுகிறாள். இருவருக்கும் மொத்தம் 225. கர்நாடகத்தில் பொறியியல் தர வரிசைக்கு இம்மூன்று பாட மதிப்பெண்களும் சமமாகப் பாதிப் பங்கு பெறும். மறுபாதி பொது நுழைவுத் தேர்வினது. ஆகவே முதற்பாதியில் இருவரும் சமம். தமிழ்நாட்டிலோ கணிதம் 100-க்கும் மற்ற இரண்டும் தலா 50-க்கும் கணக்கிடப்படும். அங்கே முதல்வளுக்கு 160, தோழிக்கு 142.5. கலந்தாய்வில் இவ்வேறுபாடு மிகப் பெரிது.

ஆதலின் இரு மாநிலங்களையும் நாடுவது நம்மவர்க்கு நலம். கர்நாடகத்தில் 7 ஆண்டுகள் பயின்றிருத்தல் இங்குள்ள ஒதுக்கீட்டுக்குப் பொதுவான தகுதி. தமிழகத்தைப் பூர்விகமாகக் கொண்டு இங்கே படித்தோர், அங்கு விண்ணப்பிக்க இருப்பிடச் சான்றிதழ் காட்ட வேண்டும். தாசில்தார் அலுவலகத்துக்கு முன்கூட்டியே நடப்பது நன்று.

கணிதம் ஒன்றிலேயே ஒளிரும் பிள்ளைக்கு, நம் நகரில் மைசூர் சாலையிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனமும், சென்னையை அடுத்த சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனமும் உண்டு. கணிதத்தையே சோதிக்கும் தனித் தேர்வுகளை அவை நடத்துகின்றன. மொழியறிவும் வாதத்திறனும் மிக்குக் கணிதத்தில் மெலிந்தவர்க்குச் சட்டப் பள்ளிகளின் பொது நுழைவுத் தேர்வு ஏற்றது. அதில் கணக்குப் பகுதி சுமார் பத்தில் ஒரு பங்கே. மத்தியப் பல்கலைக் கழகங்களுக்கு 2022 முதல் நடைபெறும் பொதுத் தேர்விலோ, சேர விரும்பும் படிப்புக்குரிய பாடங்களை மாணவரே தேர்ந்தெடுத்து எழுதலாம்.

எனினும் ஓர் எச்சரிக்கை. வலிய பாடம் மெலிந்த பாடத்துக்கு ஈடாகிவிடாது. ஐ.ஐ.டி. தர வரிசையில் இடம்பெற, மொத்தத்தோடு ஒவ்வொரு பாடத்திலும் குறைந்த அளவு மதிப்பெண் வேண்டும். மேற்சொன்ன புள்ளியியல் நிறுவனமும் பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலம் பயின்று தேறியிருத்தலை வேண்டுகிறது. இராமானுஜனை வீழ்த்திய பாடம் அதுவேயன்றோ!

ஆகையால் மெலிந்த பாடத்தைத் தேர்ச்சியளவுக்கு மேலே உயர்த்துவதும், வலிய பாடத்தை மதிக்கும் கல்லூரியை நாடுவதும் ஒருங்கே நிகழ வேண்டும். அண்டை வீட்டுப் பிள்ளை சேர்ந்த கல்லூரி என்பதற்காகக் கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தும் முன், பெற்றோர் மதிப்பெண் பட்டியலை ஒருமுறை வரி வரியாகப் படிப்பாராக. பிள்ளையையும் அருகில் அமர்த்திப் படித்தால் இன்னும் நன்று.