கம்பெனி வருமுன்பே கூட்டம் வந்துவிட்டது, தெரியுமா?

2025 பிப்ரவரி 5. சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம். இங்கிலாந்துப் பாடகர் எட் ஷீரன் 'ஷேப் ஆஃப் யூ' பாட, திடீரென்று ஏ.ஆர்.ரஹ்மான் மேடையேறி 'காதலன்' படத்து 'ஊர்வசி'யை அதோடு கோத்துவிட்டார். மைதானமே ஆடித் தீர்த்தது! அந்த எட் ஷீரனை ஊருக்கே தெரியும். எந்த ரெக்கார்டு கம்பெனியின் ஒப்பந்தமும் கையில் இல்லாமல், 2005 முதல் 2011 தொடக்கம் வரை தானே எழுதி, தானே பாடி, தானே சிடி விற்ற இன்னொரு எட் ஷீரனைத் தெரியுமா? என்னைக் கேட்டால் அவர்தான் இன்னும் பெரிய அதிசயம்!

திக்குவாயை ராப் பாட்டு திருத்தியது தெரியுமா?

1991-இல் ஹாலிஃபாக்ஸில் பிறந்து, சஃபோக் மாவட்டத்தின் ஃபிராம்லிங்ஹம் என்ற சிற்றூரில் வளர்ந்தவர் எட். சின்ன வயதில் பேச்சு திக்கும். ஒன்பது வயதில் அவர் கைக்கு வந்தது அமெரிக்க ராப் பாடகர் எமினெமின் ஆல்பம். அதிவேகமான அந்த வரிகளை ஒன்றுவிடாமல் மனப்பாடம் செய்து கூடவே பாடப் பாட, திக்கல் விலகியது! இதை 2015-இல் அமெரிக்காவில் திக்குவாய்க்கான அமைப்பு ஒன்றின் விழாவில் அவரே சொன்னார். பின்னாளில் கிட்டார் மெலடிக்கு நடுவே மூச்சு விடாமல் அவர் வார்த்தைகளைக் கொட்டுகிறாரே, அந்தப் பாணிக்கு விதை விழுந்தது இங்கேதான்!

பதினோரு வயதில் ஒரு சந்திப்பு, வாழ்க்கையே திசை மாறியது தெரியுமா?

அயர்லாந்துப் பாடகர் டேமியன் ரைஸ் டப்ளினில் பாடுவதைக் கேட்கப் போனபோது எட் ஷீரனுக்கு வயது 11. கச்சேரி முடிந்து அவரை நேரில் சந்தித்துப் பேசவும் முடிந்தது. வீட்டுக்கு வந்த பையன் சொந்தமாகப் பாட்டு எழுதத் தொடங்கிவிட்டான்! படுக்கையறையில் பதிவு செய்த 'தி ஆரஞ்ச் ரூம்' 2005-இல் வந்தபோது வயது 14-தான். 2006-இல் ஒரு ஆல்பம், 2007-இல் இன்னொன்று. எல்லாமே சொந்த வெளியீடு!

யாருக்குக் கிட்டார் எடுத்துக் கொடுத்தார் தெரியுமா?

நிஸ்லோபி என்று ஒரு இங்கிலாந்து இரட்டையர் குழு. பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லாமல், சொந்த லேபிளில் வெளியிட்ட 'ஜேசிபி' பாட்டால் 2005 டிசம்பரில் பிரிட்டன் தரவரிசையில் முதலிடம் பிடித்த சாதனையாளர்கள். பதின்ம வயது எட், அவர்களுடைய சுற்றுப்பயணத்தில் கிட்டார்களுக்குச் சுதி சேர்த்து, எடுத்துக் கொடுக்கும் வேலை பார்த்தார். 2008-இல் நாரிச் நகரில் அவர்கள் கச்சேரிக்கு முன்னால் பாடும் வாய்ப்பும் கிடைத்தது! கம்பெனி இல்லாமலும் உச்சிக்குப் போகலாம் என்பதை மேடை ஓரத்தில் நின்று கண்ணாலேயே பார்த்த பையன் அவர்.

ஒரே வருடத்தில் 312 மேடை தெரியுமா?

2008-இல் லண்டன் போனார். ஜேம்ஸ் மாரிசன் என்ற பாடகர் ஒரு வருடத்தில் 200 கச்சேரி செய்தார் என்று கேள்விப்பட்டதும், அதைத் தாண்டியே தீருவது என்று கிளம்பிவிட்டார். 2009-இல் அவர் ஏறிய மேடைகள் 312! கிட்டத்தட்ட தினம் ஒரு மேடை. முதுகுப்பையில் சிடிகள், பாடி முடித்ததும் அங்கேயே விற்பனை. இரவில் நண்பர்கள் வீட்டு சோஃபாவில் தூக்கம். அதுவும் இல்லாத இரவுகளில் சர்க்கிள் லைன் ரயில் பெட்டி. பக்கிங்ஹாம் அரண்மனைக்கு வெளியே, சூடான காற்று வரும் குழாய்க்குப் பக்கத்தில் படுத்த இரவுகளும் உண்டு. ராணி உள்ளே, பாட்டுக்காரர் வெளியே!

காலால் ஒரு பக்கவாத்தியக் குழுவையே உருவாக்கினார் தெரியுமா?

வாத்தியக்காரர்களை வைத்துக்கொள்ளக் காசு இல்லை. அதற்கு அவர் கண்ட வழி லூப் பெடல். காலால் ஒரு அழுத்து: கிட்டார் பலகையில் தட்டும் தாளம் பதிவாகித் திரும்பத் திரும்ப ஒலிக்கும். இன்னொரு அழுத்து: அதன்மேல் கிட்டார் சுரங்கள். அடுத்து ஒரு குரல், அதன்மேல் இன்னொரு குரல். இரண்டே நிமிடத்தில் ஒற்றை ஆள் ஒரு கோஷ்டியாகிவிடுவார்! ஒரு நொடி பிசகினாலும் அந்தப் பிசகும் சுற்றிச் சுற்றி வரும். அதனால் தாளக்கட்டு இரும்பு மாதிரி இருந்தாக வேண்டும். 312 மேடை தந்த பயிற்சி அது. 2015 ஜூலையில் லண்டன் வெம்பிளி அரங்கில் மூன்று இரவுகளையும் கிட்டார், லூப் பெடலோடுதான் தாங்கினார். சின்னச் சின்ன மதுக்கூட மேடைகளில் கைவந்த வித்தை அரங்கம் அளவுக்கு வளர்ந்துவிட்டது!

உலகம் அழுத பாட்டு, கம்பெனிக்கு முன்பே பிறந்தது தெரியுமா?

வீடற்றோருக்கான காப்பகம் ஒன்றில் பாடப் போனபோது எட் ஷீரனுக்கு வயது 18. அங்கே கேட்ட கதைகள் அவரை விடவே இல்லை. அப்படிப் பிறந்ததுதான் போதையிலும் தெருவிலும் சிக்கிய ஒரு பெண்ணைப் பற்றிய 'தி ஏ டீம்'. 2010-இல் சொந்த வெளியீடான 'லூஸ் சேஞ்ச்' தொகுப்பிலேயே அந்தப் பாட்டு வந்துவிட்டது! 2011 ஜூனில் கம்பெனி மூலம் வந்தபோது பிரிட்டனில் எடுத்த எடுப்பிலேயே மூன்றாம் இடம். பிறகு கிராமி பரிந்துரை. அதே 2010-இல் வேல்ஸ் நாட்டில் வாழும் பாடலாசிரியர் ஏமி வாட்ஜுடன் சேர்ந்து எழுதிய பாடல்களைத் தனித் தொகுப்பாகக் கொண்டுவந்தார். அந்த இருவரும் பிற்பாடு எழுதிய 'திங்கிங் அவுட் லவுட்' 2016-இல் ஆண்டின் சிறந்த பாடலுக்கான கிராமி விருதை வென்றது!

ஹாலிவுட் நடிகர் வீட்டில் தங்கினார் தெரியுமா?

2010-இல் லாஸ் ஏஞ்சலஸுக்கு விமானம் ஏறினார். பெரிய ஏற்பாடு எதுவும் கிடையாது. வாய்ப்புக் கிடைத்த மேடைகளில் எல்லாம் பாடினார். அதில் ஒன்று ஆஸ்கர் விருது வாங்கிய நடிகர் ஜேமி ஃபாக்ஸ் நடத்திய நிகழ்ச்சி. ராப்பும் ஆர் அண்ட் பி-யும் கேட்டுப் பழகிய கூட்டத்துக்கு முன்னால் கிட்டாரோடு நின்றது ஒரு சிவப்புத் தலைமுடி இங்கிலாந்துப் பையன். பாடி முடித்தபோது அரங்கமே அவர் பக்கம்! ஃபாக்ஸ் தன் வீட்டில் தங்க இடமும், பாட்டைப் பதிவு செய்ய ஸ்டூடியோவும் கொடுத்தார். அதே ஆண்டு லண்டனில், ஜமால் எட்வர்ட்ஸ் என்ற இளைஞர் நடத்திய எஸ்பி.டிவி இணைய சேனலில் எட் பாடிய காணொளி பரவியது. கிரைம் (grime) என்ற லண்டன் ராப் வகைப் பாடகர்களுக்கான சேனலில் ஒரு கிட்டார் பாடகர்! அந்தக் கதவு திறந்ததும் புது ரசிகர்கள் வந்து குவிந்தார்கள்.

தெருவிலேயே கச்சேரி நடந்தது தெரியுமா?

2011 ஜனவரி. வைலி, ஜேஎம்இ, டெவ்லின், ரெட்ச் 32 போன்ற ராப் பாடகர்களோடு சேர்ந்து 'நம்பர் 5 கொலாபரேஷன்ஸ் புராஜெக்ட்' தொகுப்பைச் சொந்தமாக வெளியிட்டார். விளம்பரம் இல்லை, கம்பெனி இல்லை. ஐடியூன்ஸில் இரண்டாம் இடம்! பிறகு லண்டன் கேம்டனில் உள்ள பார்ஃப்ளை என்ற சின்ன அரங்கில் இலவசக் கச்சேரி அறிவித்தார். வந்தவர்களோ ஆயிரத்துக்கும் மேல்! யாரையும் திருப்பி அனுப்ப மனமில்லை. ஒரு கச்சேரி நான்கானது; அரங்கை மூடிய பிறகு நான்காவதைத் தெருவில் நின்றே பாடினார்! அதே ஆண்டில் அசைலம் ரெக்கார்ட்ஸ் அவரோடு ஒப்பந்தம் போட்டது. கம்பெனி வந்து கூட்டம் சேர்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துத்தான் கம்பெனி வந்தது. செப்டம்பரில் வந்த முதல் கம்பெனி ஆல்பம் முதல் வாரத்தில் 1 லட்சத்து 2 ஆயிரம் பிரதிகள் விற்று முதலிடம் பிடித்தது.

எண் 6 எங்கிருந்து வந்தது தெரியுமா?

2019 ஜூலை. எட் ஷீரன் உலக உச்சியில் இருக்கிறார். எமினெம் உட்படப் பெரும் பெரும் பெயர்களோடு ஒரு கூட்டுத் தொகுப்பு வெளியிடுகிறார். புத்தம் புதிதாக எந்தப் பெயரும் வைத்திருக்கலாம். வைத்த பெயர்: 'நம்பர் 6 கொலாபரேஷன்ஸ் புராஜெக்ட்'! படுக்கையறைப் பதிவு, முதுகுப்பை சிடி என்று கழிந்த நாட்களின் கடைசித் தொகுப்பு எண் 5. எட்டு வருடம் கழித்து அதே கணக்கில் அடுத்த எண். அந்த வருடங்களை அவர் ஒத்திகை என்று தள்ளிவிடவில்லை. ஒப்பந்தம் இல்லாத காலமும் அவர் கணக்கில் முழு இசை வாழ்க்கைதான்! பாட்டு எழுதி வைத்துக்கொண்டு யாராவது கூப்பிட மாட்டார்களா என்று காத்திருக்கும் ஒவ்வொருவரும் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் எண் 1-ஐ இன்றைக்கே தொடங்கிவிடலாம். அதற்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை!