கார் கீறல்: முதல்ல தண்ணி தெளிச்சுப் பாருங்க

மயிலாப்பூர் மாட வீதியில காரை நிறுத்தினா, பைக் ஹேண்டில் உரசாம திரும்பறது அபூர்வம். கீறல் மேல தண்ணி தெளிங்க. மறைஞ்சா, அது கிளியர் கோட்டோட நின்னிருக்கு. ரப்பிங் காம்பவுண்ட் போதும். ஆனா காம்பவுண்ட் கீறலை நிரப்பறதில்லை, சுத்தி இருக்கிற பரப்பைத்தான் தேய்ச்சுக் குறைக்குது. கிளியர் கோட்டோ சுமார் 40-50 மைக்ரான், கிட்டத்தட்ட ஒரு தலைமுடி கனம். போனது திரும்ப வராது, அதனால அளவா தேய்க்கணும்.

நகம் மாட்டினா தேய்க்கவே வேண்டாம். உலோகம் தெரிஞ்சா தள்ளிப் போடவும் கூடாது: அடையாறு, பெசன்ட் நகர் உப்புக்காத்துல துரு பெயின்டுக்கு அடியில பரவும். துருவை உப்புத்தாளால எடுத்துட்டு பிரைமர், அது காய்ஞ்சதும் டச்சப் பெயின்ட், அதுக்கு மேல கிளியர் கோட். வண்டியில ஒட்டியிருக்கிற பெயின்ட் கோடு ஸ்டிக்கரை போட்டோ எடுத்துட்டு ஜி.பி. ரோடு கடைகள்ல கேளுங்க. 'வெள்ளை'ன்னு மட்டும் சொன்னா வேற வெள்ளை வந்துடும். பிளாஸ்டிக் பம்பர்னா அவசரமில்லை, அது துருப்பிடிக்காது.