வெறும் பையையும் நிறுத்துப் பாருங்கள்



ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் கொழுந்து மடுவத்தில் ஒரு மாலை நின்றிருந்தேன். அக்கா ஒருவர் என்னிடம் கேட்டார்: "மிஸ், பைக்கும் தண்ணிக்கும்னு ஒவ்வொரு நிறுவைக்கும் ரெண்டு கிலோ வெட்டுறாங்க. இந்தப் பை ரெண்டு கிலோ இருக்குமா?"

அன்று நல்ல வெயில். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

சமூகவியல் படித்த எனக்கு அந்தப் பதில் வானியலில் கிடைத்தது. தொலைநோக்கியில் பொருத்தும் மின்னணுக் கெமரா, வெளிச்சமே படாதபோதும் சிறிது ஒளி வந்ததாகக் கணக்குக் காட்டும். கருவியின் சூடும் அதற்கு ஒரு காரணம். ஆகவே விஞ்ஞானிகள் மூடியைத் திறக்காமலே ஒரு படம் எடுத்து, அந்தப் பொய்க் கணக்கை அளந்து, நட்சத்திரப் படத்திலிருந்து கழிக்கிறார்கள். உத்தேசமாகக் கழிப்பதில்லை. மூடிய கெமராவின் படம் என்பது, வெறும் பையை நிறுப்பது போலத்தான்.

ஒரு கருவி சொல்வதை மட்டும் அவர்கள் நம்புவதுமில்லை. 1977 மார்ச் 10ஆம் திகதி, தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் ஆய்வுக்கூடத்தில், யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைப்பதைப் பார்க்கக் காத்திருந்தார்கள். கோள் மறைக்கும் முன்பே ஒளி சில விநாடிகள் மங்கியது. மேகமா, துணைக்கோளா, கருவிக் கோளாறா? அதே நிகழ்வை விமானத்திலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் பார்த்தவர்களின் பதிவுகளோடு ஒப்பிட்ட பிறகே, யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென்பது உறுதியானது.

கோடிக்கணக்கான மைல் தூரத்து ஒளிக்கே இவ்வளவு கவனம் என்றால், நம் கைகள் பறித்த கொழுந்துக்கு வேண்டாமா? நனைந்த கொழுந்தில் நீர் உண்டு; மறுக்கவில்லை. வெயில் நாளிலும் அதே வெட்டு ஏன்? இரண்டு கிலோ குறைந்தால் முழுப்பேர் அரைப்பேராகலாம். அது பிள்ளையின் கொப்பிக் காசு.

மறுவாரம் அந்த அக்கா வெறும் பையைத் தராசில் வைத்தார். அரைக் கிலோகூட இல்லை. அன்று வெட்டு ஒரு கிலோவானது. பிரச்சினை தீரவில்லை, ஆனால் கேள்வி பிறந்துவிட்டது.

நீங்களும் வெறும் பையை நிறுக்கச் சொல்லுங்கள். தராசில் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு நிறுவையையும் சொந்தக் கொப்பியில் எழுதி, பக்கத்து நிரைச் சகோதரியின் கணக்கோடு ஒப்பிடுங்கள். தனியாகக் கேட்டால் முறைப்பாடு; கொப்பியோடு சேர்ந்து கேட்டால் அது கணக்கு.