ஓமத்தின் மணமும் வன்மையும்

ஆகுர்டியில் வந்து குடியேறும் நம் தாய்மார்கள் கடைவீதியில் முதலிற் கற்றுக்கொள்ளும் மராத்திச் சொற்களுள் ‘ஓவா’ என்பதும் ஒன்று. அது நம் ஓமமேயன்றி வேறில்லை. ஊர் மாறினாலும், குழந்தைக்கு வயிறு உப்பினால் ஓமநீர், சளி பிடித்தால் கற்பூரவல்லிச் சாறு, தலைவலிக்கு நீலகிரித் தைலம் என்ற வழக்கம் நம் இல்லங்களில் மாறவில்லை. இவற்றுக்கு மணமூட்டும் வாசனைத் தைலம் கிருமிகளைக் கொல்லும் என்று கேட்டிருக்கிறோம். உண்மையே, ஆனால் எங்கே, எவ்வளவு என்பதை ஆராய்ந்தறிதல் நலம்.

நூறு பங்கு ஓமத்தை இடித்து நீராவியில் வடித்தால் இரண்டு முதல் நான்கு பங்கு தைலம் கிடைக்கும். அதிற் பெரும்பகுதி தைமால் என்னும் பொருள். தைலத்தைக் குளிரவைத்தால் அது பளிங்குபோல் உறைந்து பிரியும். நாட்டு மருந்துக் கடையில் ஓம உப்பு என விற்பது இதுவே. 1719-இல் ஐரோப்பியப் பூண்டு ஒன்றின் தைலத்திலிருந்து இதனைப் பிரித்தவர் காஸ்பர் நியூமன். பிற்காலத்தில் ஜெர்மானியர் இந்திய ஓமத்தை வாங்கித் தைமால் எடுத்தனர். 1914-இல் போர் மூளவே அவ்வாணிபம் தடைப்பட்டது. இன்று பெரும்பாலும் ஆலைகளிற் செயற்கையாகவே செய்கின்றனர்.

லிஸ்டர் 1865-இல் புண்ணிற் கிருமி தங்காதிருக்கக் கையாண்ட கார்பாலிக் அமிலத்துக்குத் தைமால் நெருங்கிய உறவு. கற்பூரவல்லியின் கார்வக்ரால், கிராம்பிலும் துளசியிலும் உள்ள யூஜினால் ஆகியவையும் அக்குலத்தனவே. இவை கிருமியைப் போர்த்திய மெல்லிய சவ்விற் புகுந்து அதைக் குலைக்கின்றன. உள்ளிருக்கும் உப்புக்கள் வெளியே கசியக் கிருமி மடிகிறது. நீலகிரித் தைலத்தின் சினியோலோ இக்குலத்தைச் சேர்ந்ததன்று. பார்சல் ஆபீசில் ஒரு டின் ஒழுகினால் பிளாட்பாரம் முழுவதும் கமழும். ஆயினும் கிருமியை அடக்குவதில் அது ஓமத் தைலத்துக்குப் பின்னிற்பதே. மூக்கைக் கொண்டு மருந்தின் வன்மையை அளவிடலாகாது.

பரிசோதனைக் குப்பியில் மடியும் கிருமி உடலினுள்ளும் மடியுமா? நம் ஊருக்கு இரண்டு ஸ்டேஷன் அப்பால், பிம்பிரியில், 1954-இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொழிற்சாலையார் மறு ஆண்டே பெனிசிலின் செய்யத் தொடங்கினர். பெனிசிலினுக்குப் பணியும் கிருமியை அடக்க அம்மருந்து எவ்வளவு வேண்டுமோ, தைமால் அதைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல் வேண்டும். அத்தனை தைமாலை இரத்தத்தில் ஏற்றினால் கிருமிக்கு முன் நோயாளிக்கே கேடு. ஆகவேதான் அது வாய் கொப்பளிக்கும் நீரிலும், யூஜினால் பல் வைத்தியரின் மேசையிலும் நின்றுவிட்டன.

ஓமநீரிலோ தைமால் மிகச் சொற்பம். ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் ஏறக்குறைய ஒரு கிராமுக்கு மேல் அது கரையாது. திறந்த பாத்திரத்திற் கொதிக்கவிட்டால் அதிலும் ஒரு பகுதி ஆவியோடு போய்விடும். வயிற்றுப் பொருமலுக்கு இதம் தரலாம். ஆனால் காய்ச்சலோடு குழந்தை வேகமாக மூச்சு வாங்கி, விலாவும் உள்ளிழுத்தால், கற்பூரவல்லியை நம்பி ஓரிரவும் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச்செல்ல வேண்டும். நீலகிரித் தைலத்தைக் குழந்தையின் வாயிலோ மூக்கிலோ விடவே கூடாது. சிறு கரண்டியளவு உள்ளே சென்றாலும் மயக்கமும் வலிப்பும் வரக்கூடும். புட்டியைப் பிள்ளைகளின் கைக்கெட்டாத உயரத்தில், மூடியை இறுக்கி வைக்கவும்.